தனுஷ்கோடிக் கரையில் ஒரு ஜோடிச் செருப்பு

சின்னப் பெண்ணைக் கட்டிக் கொடுத்த மறு வாரம்தான் ராமேஸ்வரம் போகலாம் என்ற பேச்சு எடுத்தோம். அது தை மாதம். புறப்பட்டது மாசிக் கடைசியில். ராமேஸ்வரம் ஒரு தீவு என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பதினாறு வருஷமாக இட்லிக் கடை வைத்திருக்கிறேன். ராமேஸ்வரம் போய்விட்டு அப்படியே நம் ஊருக்கும் வருகிற யாத்திரைக்காரர்கள் சாப்பிட உட்காருவார்கள். சுற்றிலும் கடல், நடுவில் ஊர், ரயில் தண்ணீர் மேல் போகிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சட்னி ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், எடை போடுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. மூன்று வருஷமாகச் சர்க்கரை வியாதி. போன வருஷம் தராசுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறார். "மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும், இல்லேன்னா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து என் முந்தானையில் ஒரு துண்டு வெல்லம் எப்போதும் முடிந்திருக்கும். ஒரு வாரம் மூட்டை, தூசி எதுவும் இல்லாமல் இவரை எங்காவது அழைத்துக்கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏழு நாளுக்கும் எழுதினேன். முதல் நாள் பஸ், ரயில். இரண்டாம் நாள் ஓய்வு. மூன்றாம் நாள் கோயில், தீர்த்தம். நான்காம் நாள் தனுஷ்கோடி. ஐந்தாம் நாள் கந்தமாதன பர்வதம். ஆறாம் நாள் பாம்பன் போய்ப் படகு பார்ப்பது. ஏழாம் நாள் திரும்பல். எழுதும்போது தைரியமாகத்தான் இருந்தது. எதிர் வீட்டு தனபாக்கியம் வந்து கெடுத்தாள்.

"இன்னாடி பச்சையம்மா, கடல் மேல ரயிலு போவுமாமே. காத்து அடிச்சா பொட்டியோட தூக்கிக்கினு பூடுமாம். ஒரு வாட்டி அப்படித்தான் பூட்டுதாம்."

"பூட்டா, திரும்பி வர்றதுக்கு எடுத்த டிக்கெட்டை நீ வச்சிக்க" என்றேன். வாய் அப்படிச் சொல்லிற்றே தவிர அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பயம் வந்தால் கேலி ஜாஸ்தியாகும். பக்கத்தில் கிடைக்கிறவர் வீட்டுக்காரர்தான். ரயிலில் ஏறுகிறவர்கள் ஆளுக்கு ஒரு டயர் டியூப் கொண்டு வர வேண்டும் என்று ஸ்டேஷனில் சொல்லியிருப்பதாக அவரிடம் அளந்துவிட்டேன். மறுநாள் பஞ்சர் கடையிலிருந்து இரண்டு டியூப் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். என் கேலிக்கு எதிர்க் கேலி செய்கிறார் என்று நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம் அறுபது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம், டிக்கெட் ஐந்து ரூபாய். மாலை நான்கு மணிக்கு ஏறினால் போதும். மெட்ராஸிலிருந்து வருகிற ராமேஸ்வரம் வண்டி ஒன்பதே காலுக்கு. ஆளுக்கு முப்பத்தெட்டு ரூபாய். நன்றாகத் தூங்கிவிடலாம், மறுநாள் காலை எட்டரை வரைக்கும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எட்டரைக்கு மேல்தான் மண்டபம். அதற்கு மேல் தூக்கம் வராது.

மண்டபத்தைத் தாண்டியதும் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிடும். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் தரை இல்லை, பாலத்துக்குக் கைப்பிடியும் இல்லை. பச்சைத் தண்ணீர்தான் அலைகிறது. பக்கத்தில் ரோட்டுப் பாலத்துக்கு நட்ட தூண்கள் பாதி பாதியாக நிற்கின்றன. அது எப்போது முடியுமோ, அதுவரைக்கும் இந்த ரயில்தான் வழி. வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு வளையல் உடைந்தது. கடக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் ஜன்னலை மூடிவிட்டு உட்காருங்கள்.

லாட்ஜ் கோயிலுக்குக் கிழக்கே, நாளுக்கு இருபத்தைந்து ரூபாய். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்கத் தனியாக வாங்க வேண்டும். மூன்றாம் நாள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாக எங்கள் தலையில் ஊற்றினார்கள். அதுவரைக்கும் எல்லாம் காலண்டர் தாளில் எழுதியபடியே நடந்தது.

நான்காம் நாள் காலை எட்டு மணி பஸ்ஸில் தனுஷ்கோடி புறப்பட்டோம். முக்கால் மணி நேரத்தில் ரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் மணல்தான். மீன் ஏற்றுகிற லாரி ஒன்று ஆளுக்கு ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு ஏற்றிக்கொள்ளும். ஓட்டுகிறவர் பெயர் அந்தோணி. முப்பது வயது இருக்கும். போகும்போதே இரண்டு பக்கமும் கை காட்டினார்.

"இடது பக்கம் சத்தமில்லாம கெடக்கே, அது பொம்பளக் கடலு அக்கா. வலது பக்கம் அலையடிக்குதுல்ல, அது ஆம்பளக் கடலு. அதுல மட்டும் கால வச்சிராதீக. இழுத்துரும்."

"எங்க வீட்ல தலைகீழாச்சேப்பா. சத்தம் போடறது நானு, கம்முனு கெடக்கிறது இவரு" என்றேன். அந்தோணி சிரித்ததில் லாரி ஒரு குலுங்கு குலுங்கியது.

பத்து மணிக்கு இறக்கிவிட்டார். அங்கே ஒரு காலத்தில் ஊர் இருந்தது. புயல் அடித்துக்கொண்டு போய் வருஷம் இருபதுக்கு மேல் ஆகிறது. கூரை இல்லாத சர்ச், ரயில் ஸ்டேஷன் சுவர், மணலில் பாதி புதைந்த தொட்டி, சில மீனவர் குடிசைகள், வேறொன்றும் இல்லை. இங்கிருந்து கிழக்கே நான்கைந்து கிலோமீட்டர் போனால் நிலம் முடிகிற முனை, இரண்டு கடலும் சேருகிற இடம் என்றார் அந்தோணி. லாரி திரும்புவது ஒரு மணிக்கு.

சர்ச் சுவர் நிழலில் நான் உட்கார்ந்துவிட்டேன். வெயில் அப்போதே கண்ணைக் குத்தியது. வீட்டுக்காரருக்கு முனையைப் பார்த்தாக வேண்டும்.

"வழி தப்பிட்டா இன்னாமே பண்றது?" என்றார். "நம்ம ஊர்ல எந்த சந்துல நின்னாலும் மலை தெரியும், அத்த வச்சி வந்துடலாம். இங்க ஒண்ணுமே தெரியலியே."

மலை கண்ணில் படாதது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதனால் வாய் முந்திக்கொண்டது.

"தீவுதானே? மலை மாதிரிதான். கிரிவலம் போற மாதிரியே நெலத்த வலக்கைப் பக்கம் வச்சிக்கினு, தண்ணிய இடக்கைப் பக்கம் வச்சிக்கினு நடங்க. ஒரு சுத்து சுத்திக்கினு பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிப்பீங்க."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"கிரிவலத்துல பாதிதான். மல்லாட்டை நிறுத்த காலுக்கு இது ஒரு தூரமா?"

சரி என்று தலையாட்டிவிட்டு ஆம்பளக் கடல் பக்கமாகப் போனார். புளிச்சோறு மூட்டையும் தண்ணீர்க் கூஜாவும் என்னிடம்தான் இருந்தன. வந்து சாப்பிடுவார் என்று இருந்துவிட்டேன். காலை மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் அவர் தின்றது நான்கு இட்லி.

பன்னிரண்டு மணி ஆயிற்று. பன்னிரண்டரையும் ஆயிற்று. எழுந்து கரைக்குப் போனேன். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஆள் இல்லை. அலை வந்து தொடுகிற இடத்துக்குப் பத்தடி மேலே ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது. இடது செருப்பின் வார் அறுந்து நான் கம்பி போட்டுக் கட்டியது. அவருடையதுதான்.

நான் கத்தினேனாம். குடிசைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் செருப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அது எனக்குப் புரிந்துவிட்டது.

"குளிக்க எறங்கிருப்பாகளோ?" என்றாள் ஒரு பெண், ரொம்ப மெதுவாக.

அந்தோணி லாரியை எடுத்துக்கொண்டு முனைக்குப் பறந்தார். அரை மணி நேரத்தில் திரும்பினார். இறங்கும்போதே தலையை அசைத்துவிட்டார்.

"முனையில ஆளு இல்லக்கா. மணல்ல ஒரு காலடி கூட இல்ல."

பெரியவர் இரண்டு பேரைக் கூப்பிட்டு வத்தையைத் தண்ணீரில் தள்ளச் சொன்னார். அந்தச் சின்னப் படகை அவர்கள் தள்ளும்போது நான் செருப்பின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. கட்டிக் கொடுத்த எங்கள் பெண்கள் இரண்டு பேருக்கும் எப்படித் தந்தி கொடுப்பது, தந்தியில் என்ன எழுதுவது என்று மனம் பாட்டுக்கு எங்கேயோ போகிறது. கண் மட்டும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

செருப்பு இரண்டையும் ஒட்டிச் சேர்த்து வைத்திருந்தது. மேலே காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். கிரிவலத்தை யாரும் செருப்புக் காலோடு நடக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் பௌர்ணமிக்குப் பௌர்ணமி புறப்படுகிற இடத்தில் இப்படித்தான் செருப்பை ஓரமாகச் சேர்த்து வைத்து, நாய் இழுக்காமல் கல் வைத்துவிட்டுப் போவார். பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வந்து அதே இடத்தில் மாட்டிக்கொள்வார். குளிக்கப் போகிறவர் சட்டையைக் கழற்றுவார், துண்டை வைப்பார். சட்டையும் இல்லை, துண்டும் இல்லை.

"அவரு தண்ணில எறங்கல. நடந்து போயிருக்காரு" என்று எழுந்தேன்.

"முனையில இல்லியேக்கா" என்றார் அந்தோணி.

கடலைப் பார்த்து நின்று பார்த்தேன். முனை என் இடக்கைப் பக்கம். அந்தப் பக்கம் திரும்பி நடந்தால் கடல் வலக்கைக்கு வரும், நிலம் இடக்கைக்குப் போய்விடும். அந்த மனிதர் செத்தாலும் அப்படி நடக்க மாட்டார். எங்கள் ஊரில் மலையை இடக்கைப் பக்கம் விட்டு யாரும் சுற்றுவதில்லை. நிலம் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்றால் எதிர்த் திசையில்தான் நடக்க வேண்டும். அதாவது முனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ராமேஸ்வரத்தைப் பார்த்து.

"இந்தப் பக்கம் போயிருக்காருப்பா."

"முனையப் பாக்கப் போனவுக எதுக்குக்கா இங்கிட்டுப் போறாக? இங்கிட்டுப் போனா தீவு முழுக்கவுல்ல சுத்தணும், ரெண்டு நாளாகும்."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். அவருக்கு நான் சொன்னது மட்டும்தாம்பா தெரியும்."

பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "வத்தை கடல்ல தேடட்டும். நீ தாயிய ஏத்திக்கிட்டு கரையோரமாப் போ" என்றார். அவர் என்னை நம்பினாரா, பைத்தியத்தைச் சமாதானப்படுத்தினாரா, தெரியவில்லை. லாரியில் ஏறும்போது எனக்கே நம்பிக்கை கம்மியாகிவிட்டது. நான் சொல்வது தப்பாக இருந்தால், தேட வேண்டிய நேரத்தை எல்லாம் எதிர்ப் பக்கத்தில் கழிக்கிறேன். பின்னால் வத்தை சின்னதாகிக்கொண்டே போனது. அதைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மணலில் லாரி இரண்டு தடவை புதைந்தது. இறங்கித் தள்ளினேன். ஒரு கிலோமீட்டர் போனோம், மூன்று போனோம். எங்கும் ஆள் இல்லை. அலை வந்து வந்து கரையைத் துடைத்து வைத்திருந்தது. ஏழாவது கிலோமீட்டரில் ஒரு கவிழ்த்த படகு. அதன் நிழலில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. துணியா ஆளா தெரியவில்லை. லாரி நிற்பதற்கு முன்பே குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன்.

அவர்தான். சட்டை முழுக்க வேர்வை, உடம்பு சில்லிட்டு, கண் சொருகியிருந்தது. வெல்லத்தைக் கடித்து நொறுக்கி அவர் வாயில் திணித்தேன். கூஜாத் தண்ணீரை ஊற்றினேன். அந்தோணி தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம் இருக்கும். என் ஆயுசிலேயே அவ்வளவு நீளமான கால் மணி நேரம் இருந்ததில்லை. பிறகு கண் திறந்தார்.

"பாதி தூரம் வந்துட்டேனா?"

"எதுக்குங்க இப்டி நடந்தீங்க?"

"நீதானே சொன்னே, சுத்திக்கினு அங்கயே வந்துடலாம்னு."

அந்தோணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபத்தெட்டு வருஷமாக நான் கேலி செய்கிறேன், இவர் அதைக் கேட்டு ரசிக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இவர் ரசித்ததே இல்லை. நான் சொன்னதை எல்லாம் நம்பியிருக்கிறார். டியூப் வாங்கி வந்ததும் நம்பித்தான். நான் சிரிக்கும்போது கூடச் சிரித்தது எனக்குத் துணைக்கு.

அதற்குப் பிறகுதான் காலைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலும் வெந்து கொப்புளம் கட்டி, உடைந்து, மணல் ஒட்டியிருந்தது. நான் பார்த்துவிட்டு அலறுகிறேன், அவர் என்ன என்று கேட்கிறார்.

"சுடலீங்களா?"

"இல்லியே. நல்லாத்தானே இருந்திச்சு."

ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர். வலியே தெரியவில்லை என்று இவர் சந்தோஷமாகச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கட்டுப் போட்டு முடித்து என்னை வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

"வலி இல்லேன்னா நல்லதுன்னு நெனைக்காதீங்கம்மா. சர்க்கரை கால் நரம்பைத் தின்னுடுச்சு. இந்த மாதிரிப் புண்ணு ஆற லேட்டாகும். சீழ் வெச்சு உள்ள போனா, அப்புறம் காலையே எடுக்கற மாதிரி ஆயிடும். தினம் பாருங்க. கறுப்பு தெரிஞ்சா அன்னைக்கே தூக்கிட்டுப் போங்க."

உள்ளே வந்தேன். "இன்னா சொன்னாரு டாக்டரு? காலு ஆறிடுமா?" என்று கேட்டார். என்னைப் பார்த்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் என் வாயில் ஏதாவது ஒன்று தயாராக நிற்கும். அன்றைக்கு ஒன்றும் இல்லை.

"ஆறிடுங்க" என்றேன்.

"அப்ப சரி" என்று படுத்தார். உடனே தூங்கிவிட்டார்.

மீதி இரண்டு நாளும் லாட்ஜ் அறைதான். பர்வதமும் படகும் பார்க்கவில்லை. அந்தோணி ஒரு நாள் வந்து இளநீர் கொடுத்துவிட்டுப் போனார், லாரிக்குக் காசு வாங்கவில்லை. திரும்பும்போது பாம்பன் பாலத்தின் மேல் எனக்குப் பயமே இல்லை. அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு, கட்டுத் துணியில் ஈரம் ஊறுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன்.

போகிறவர்கள் கட்டாயம் போங்கள், தீவு அவ்வளவு அழகு. மாசி, பங்குனியில் வேண்டாம். மார்கழி, தை நல்லது. தனுஷ்கோடிக்கு விடியற்காலையிலேயே போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர்க் கூஜா, ஆளுக்கு ஒரு சோற்று மூட்டை வேண்டும். ஒருவர் கையிலேயே எல்லாவற்றையும் கொடுத்து வைக்காதீர்கள். சர்க்கரைக்காரர்கள் மணலில் செருப்பைக் கழற்றக் கூடாது, சாமி காரியம் என்றாலும் கூடாது. தனியாக யாரும் நடக்க வேண்டாம்.

இதை எழுதுகிற இன்றைக்கு நாற்பத்தோராம் நாள். இடது கால் ஆறிவிட்டது. வலது குதிகாலில் எட்டணா அகலத்துக்கு இன்னும் இருக்கிறது. இந்தப் பௌர்ணமிக்கு அவர் மலை சுற்றவில்லை. வாசலில் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கவலையும் இல்லை. ஆறிடும் என்று நான் சொல்லியிருக்கிறேனே. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் கட்டைப் பிரித்து, விளக்கைக் கிட்டே வைத்து, கறுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். இன்று இல்லை.